ஏழாம் மிதவையின் வாளிக்கொடி

ஏழாம் மிதவைக்கு முதலில் தயாரான கொடியில் பதினோரு சின்னங்கள் இருந்தன. கொடிக்குழுவில் பதினோரு பேர் இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. சங்கு, முத்து, நங்கூரம், கலங்கரை விளக்கம், துள்ளுகிற சுறா, கடல்பாசிக் கொத்து, புறா, புத்தகம், பற்சக்கரம், ஏர். கடலில் மிதக்கிற ஊருக்கு ஏர் எதற்கு என்று யாரோ கேட்டுவிட்டார்கள். உழவை மதிக்காத கொடியைத் தான் மதிக்கப்போவதில்லை என்று ஓர் உறுப்பினர் வெளிநடப்புச் செய்தார். ஏரைப் போட்டதும் உள்நடப்புச் செய்தார். பதினோராவதாக வலது மூலையில் ‘ஒரு கடலோடியின் நிழலுருவம்’. அந்தக் கடலோடிக்கு மூக்குக்கண்ணாடியும் முறுக்கு மீசையும் இருந்தன. மிதவைத் தலைவர் கஸ்பார் பர்னாந்துக்கும் அவை இரண்டும் இருந்தது தற்செயல் என்று குழுவின் அறிக்கை சொன்னது.

அந்தக் கொடியை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேருக்கும் காட்டியபோது நம்மமானியில் சராசரியாக ஒன்பது வந்தது. நூற்றுக்கு ஒன்பது. இன்னாசி ஒருவனுக்கு மட்டும் அறுபத்திரண்டு. அளக்க வந்த அலுவலர் துரைசிங்கம் உச்சி குளிர்ந்துபோய், கொடியில் அப்படி என்ன பிடித்தது என்று கேட்டார்.

“சுறாவப் பாத்தேன் சார். எங்கம்மா புட்டு அவிக்கது ஞாபகம் வந்துட்டு.”

நம்மமானி என்பது மணிக்கட்டில் கட்டுகிற ஒரு பட்டை. ஒன்றைப் பார்க்கும்போது ‘இது நம்மது’ என்று உடம்பு எவ்வளவு நினைக்கிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்ணாகச் சொல்லிவிடும். வாய் என்ன சொன்னாலும் அது கண்டுகொள்ளாது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். அந்தப் பெயரைச் சொல்பவர்கள் துறை அமைச்சரும் ஒலிபெருக்கியும்தான். கரையூர்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மக்களை மிதவைகளில் குடியேற்றினார்கள். குடிநீருக்காக மிதவைக்குள்ளேயே மண்டை உடைந்தது. ஒட்டாதவர்களை ஒரே இடத்தில் வைத்ததுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, சமூக அடையாளத் துறை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். துறை என்று வந்துவிட்டால் கையேடு வரும், படிவம் வரும், பட்டை வரும். வந்தன.

விதி எளிமையானது. ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு கொடி. அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டி மூன்று முறை அளப்பார்கள். பெரியவர்களுக்கு ‘நம்ம’ என்றதும் சாதி, கட்சி, கிரிக்கெட், மச்சான் உறவு எல்லாம் ஒன்றாகக் கிளம்பி எண்ணைக் குழப்பிவிடும். ஏழு வயதின் எண்தான் சுத்தம். மூன்றாவது அளவீட்டிலும் எந்தப் பிள்ளைக்கு முப்பதுக்குக் கீழ் வருகிறதோ, அந்தக் குடும்பம் ‘மேலும் பொருத்தமான’ மிதவைக்கு மாற்றப்படும். யாரையும் துரத்துவதில்லை, பொருத்துகிறோம் என்று துறை சொல்லிக்கொள்ளும். பொருத்தப்பட்டவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு படகில் ஏறும்போது அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை சண்முகவடிவு கோவில்பட்டிக்காரி. கரிசல் காட்டில் வளர்ந்தவளைக் கடலில் கொண்டுவந்து போட்டு ஆறு வருடமாகிறது. இன்னும் மழைக்காலத்தில் வாந்தி எடுப்பாள். பதினோரு சின்னக் கொடி படுத்துவிட்டதால், இரண்டாவது கொடியைப் பிள்ளைகளே வரையட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வடிவு சாக்பீசைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“நம்ம எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்.”

“வாந்தி!” என்றாள் ரோஸ்லின்.

“அதைக் கொடியில வரைய முடியாதுடீ.”

“பச்சை கலர்ல வரையலாம் டீச்சர்.”

“வேற?”

“வாளி,” என்றான் இன்னாசி.

வகுப்பு அமைதியாகிவிட்டது. தங்கள் வாயிலேயே இருந்த பதிலை இன்னொருவன் முந்திக்கொண்ட அமைதி அது.

வகுப்பறைக் கூரை ஒழுகும். மேல்தளத்தில் உப்பு நீக்கும் இயந்திரத்தின் குழாய், பழுது பார்க்க எழுதிப்போட்டு நான்கு வருடம். அதன் கீழே விளிம்பு உடைந்த ஒரு பச்சை வாளி. ஆளுக்கொரு நாள் முறை. நிரம்புவதை யார் முதலில் பார்த்தாலும் “வாளி!” என்று கத்த வேண்டும். அன்றைக்கு முறைக்காரர் எழுந்து ஓட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதுவரை தன் தட்டை ஏந்திப் பிடிக்க வேண்டும். பாடம், பரீட்சை, கல்வி அதிகாரி வருகை எதற்கும் இதில் விலக்குக் கிடையாது. போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கையில் ஒரு தட்டைத் திணித்துவிட்டு ஓடியவள் ரோஸ்லின். அவரும் ஏந்தினார்.

வெள்ளைத் துணியில் பச்சை வாளி. உடைந்த விளிம்போடு. மேலே ஒரே ஒரு சொட்டு. அதைப் பார்த்த தலைவர் கஸ்பார் பர்னாந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயரமானார். கோபம் வந்தால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவது அவர் வழக்கம்.

“மிதவைச் செம்மல் என்று மக்கள் அன்போடு அழைக்கும் நான் கேட்கிறேன். நம் மாண்பின் சின்னம் வாளியா?”

அந்தப் பட்டத்தை மக்கள் அவருக்கு அன்போடு கொடுத்ததற்கான நோட்டீசை அச்சடித்தவர் அவரேதான்.

“பிள்ளைக வரஞ்சது தலைவரே,” என்றாள் வடிவு.

“நாளை நாலாம் மிதவைக்காரன் நம்மைப் பார்த்து என்ன சொல்வான்?”

“நாலாம் மிதவை புயல்ல முங்கிட்டே, தலைவரே.”

“அது முழுகாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்?”

அளந்து பார்த்தார்கள். பதினாறு பிள்ளைகளுக்கு எழுபதுக்கு மேல். இன்னாசிக்குத் தொண்ணூற்றொன்று. துரைசிங்கம், தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு அளவீட்டைப் பார்த்ததில்லை என்றார். பதினேழாவது பிள்ளைக்கு நான்கு.

அவள் பெயர் பாகம்பிரியாள். ராமநாதபுரம் பக்கத்து வலைக்காரக் குடும்பம். நாலாம் மிதவை மூழ்கியபோது தப்பித்து இரண்டாம் மிதவைக்குப் போனார்கள். அங்கே மூன்று வந்தது. ஐந்தாம் மிதவைக்கு மாற்றினார்கள், அங்கே ஐந்து. ஏழாம் மிதவைக்கு வந்து ஏழு மாதம். வகுப்பில் பாகம் என்று கூப்பிடுவார்கள். அவளுக்கும் வாளி முறை உண்டு. ஒருநாளும் தவறியதில்லை.

அன்று மாலையே அவள் அம்மா வள்ளிமயில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

“டீச்சரம்மா, மறுபடியும் எங்களை எங்க கொண்டுபோயி விடுவாக?”

“இன்னும் ஒரு அளவீடு இருக்கும்மா. அடுத்த வெள்ளிக்கிழமை.”

“எம்புள்ள இங்கதான் ராவுல பயப்படாமத் தூங்குறா. ரோஸ்லினு, இன்னாசினு ஒரே பேச்சு. அதுக்கெல்லாம் மார்க்குப் போட மாட்டாகளா?”

 துறையின் கையேட்டில் தூக்கத்துக்குப் படிவம் இல்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாகத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“பாகம், நம்ம வாளி உனக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்கும் டீச்சர்.”

“கொடி?”

பாகம் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “கொடியைப் பாத்தா ஒதுங்கிப் போயிரணும்ல டீச்சர்?”

“யாரு சொன்னா?”

“எங்கப்பா. கடல்ல கொடி நின்னா அடியில வல கெடக்குன்னு அர்த்தம். வேற ஆளு வல. நேராப் போகக் கூடாது. கண்ணுல பட்டதும் சுக்கானைத் திருப்பிரணும். நாந்தான் முன்னாடி உக்காந்து பாத்துச் சொல்லுவேன்.” ஒரு பருக்கையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். “எங்க சித்தப்பா பாக்காமப் போயிட்டாக. எஞ்சின் விசிறில வல சுத்தி, படகு கவுந்துருச்சு. அவுகளை எடுக்கவே முடியல.”

வடிவின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

“அப்ப உங்க வலைக்குக் கொடி?”

“அது எங்கம்மா சேலைத் துணி. அதைப் பாத்தா ஒதுங்க மாட்டோம். கிட்டப் போயி எல்லாருமாச் சேந்து இழுப்போம். பேரு சொல்லிச் சொல்லி இழுப்போம்.” பாகம் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “வாளிக்கொடி நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பாத்ததும் எனக்குத் திரும்பணும்போல வந்துருது. நா வேணும்னு செய்யல.”

ஏழாம் மிதவையில் எல்லாரும் கடல்பாசி வளர்க்கக் கயிறு கட்டுகிறவர்கள். வலை போட அனுமதி இல்லை. கரிசல்காட்டு டீச்சருக்குக் கடலில் கொடி நிற்கும் என்பதே புதுச்செய்தி. மூன்று மிதவைகளில் இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கொடியைக் காட்டி, ‘ஒதுங்கிப் போ’ என்று அவள் உடம்பு சொன்னதை அளந்து, அவளை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். பட்டை பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாள் வடிவு அவளைப் பழக்கிப் பார்த்தாள். கொடியை மேசையில் விரித்து அதன்மேல் மிட்டாய் வைத்தாள். பாகம் மிட்டாயை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் வடிவு நிறுத்திவிட்டாள். ஒரு உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை மிட்டாய் கொடுத்து அழிப்பது ஆசிரியை வேலை இல்லை என்று தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கையேட்டை எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை முழுதாக வாசித்தவர் யாரும் துறையில் இல்லை. முன்னுரைகளே ஆறு, கொடித்துணியின் நூல் எண்ணிக்கைக்கு நாற்பது பக்கம், பறவை எச்சமிட்டால் செய்யவேண்டிய மரியாதைக்கு ஒரு முழு அத்தியாயம். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தில், ஒன்பதாம் பிரிவுக்கு அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வடிவு அதை மூன்று தடவை வாசித்துவிட்டு துரைசிங்கத்துக்குப் போன் போட்டாள்.

“சார், ‘இறுதி அளவீட்டின்போது கொடியேற்றக் கயிற்றை இழுப்பவர் அளவீட்டுக்கு உட்பட்டவர் அல்லர்’னு போட்டிருக்கே. இது எதுக்கு?”

அந்தப் பக்கம் துரைசிங்கம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“டீச்சர், நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. இந்தப் பட்டையை முதல்ல தலைநகர்லதான் சோதிச்சாங்க. விழா எடுத்தாங்க. கொடியேத்த வந்த பெரியவங்க கையிலயும் ஒரு மரியாதைக்குக் கட்டிவிட்டாங்க. எண் எல்லாம் பெரிய திரையில வந்துச்சு. பூஜ்யம், ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு. ஒருத்தருக்கு மட்டும் எழுபத்தொண்ணு. என்னன்னு பாத்தா, கீழ முதல் வரிசையில அவரு பேத்தி உக்காந்திருக்கா. மறுநாள் அந்தக் குறிப்பு பொறந்துச்சு.”

“யாரு இழுத்தாலும் அளக்க மாட்டீங்களா?”

“பட்டை கையில இருக்கும். எண் தனிக் கட்டத்துல விழும். கணக்குல சேராது.”

“ஏழு வயசுப் பிள்ளை இழுத்தா?”

 அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசை வந்தது.

“வயசு ஒண்ணும் போடலையே டீச்சர்,” என்றார் மெதுவாக. “ஆனா உங்க தலைவர் கயிறை விடுவாரா?”

அதுதான் கேள்வி. மிதவைத் தலைவர் இறுதி அளவீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. கயிற்றை இழுத்தால் அவர் தப்பித்தார். இழுக்காவிட்டால் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவரும் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். முப்பதுக்குக் கீழ் வந்தால் ‘மேலும் பொருத்தமான’ மிதவை அவருக்கும் உண்டு.

வியாழக்கிழமை காலையில் வடிவு தலைவர் அலுவலகத்துக்குப் போனாள். சுவர் முழுக்க அவர் கொடியேற்றுகிற படங்கள். முப்பத்தொரு சட்டங்கள். எல்லாவற்றிலும் கொடி மங்கலாகவும் தலைவர் தெளிவாகவும் இருந்தார். மேசையில் நாளைய உரை, பதினான்கு பக்கம்.

வடிவு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வலை, சித்தப்பா, நூற்று எண்பத்து மூன்றாம் பக்கம்.

“முடியாது,” என்றார் தலைவர். “ஒரு சமூகத்தின் கொடியை அதன் தலைமகன் ஏற்றுவதே மரபு. சிறுமி ஒருத்தி ஏற்றினால் மரபு என்னாவது?”

“இந்த மிதவைக்கே இருவத்திரண்டு வயசுதான் தலைவரே. மரபு இனிமேதான் வரணும்.”

“வாளிக்கே நான் ஒப்புக்கொண்டேன். அதுவே என் பெருந்தன்மை.”

“ஆமா. அதுக்கு நன்றி. இன்னும் கொஞ்சம் வேணும்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். மேடைத் தமிழ் இறங்கிவிட்டது.

“டீச்சர், கதவைச் சாத்துங்க.”

சாத்தினாள்.

“அந்தப் பதினோரு சின்னக் கொடி வந்தப்ப, ஒரு மத்தியானம் ரூமைப் பூட்டிக்கிட்டு பட்டையக் கட்டிப் பாத்தேன். அதுல எம் மூஞ்சியே இருக்கு. உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எவ்வளவு வந்துச்சு தெரியுமா?”

வடிவு தலையசைத்து மறுத்தாள்.

“ஆறு. எம் மூஞ்சிக்கே எனக்கு ஆறுதான் வருது.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “இந்த மிதவைக்கு மொதப் பீப்பாயக் கட்டுனவன் நான். இந்தக் கையாலதான் கட்டுனேன். வரிசையில நின்னு ஆறு வந்துட்டுன்னா என்னைய எங்க கொண்டுபோயி விடுவாவ? சொல்லுங்க. எனக்கு எவ்வளவு வரும்னு சொல்லுங்க, விட்டுருதேன்.”

ஆறு வருடமாக இந்த மனிதரின் நோட்டீசுகளைப் பார்த்துச் சிரித்தவள் வடிவு. அந்தப் பட்டங்களெல்லாம் எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. குளிருக்குப் போர்த்துகிறவனைப் பார்த்து இத்தனை போர்வையா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியாது தலைவரே. தெரியும்னு சொன்னா பொய். அவளுக்கு நாலு வரும். அது மட்டும்தான் தெரியும்.”

“யோசிக்கேன்,” என்றார் கஸ்பார் பர்னாந்து. அந்த மிதவையில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தளத்தில் எல்லாரும் கூடினார்கள். வெயில் தளத்தில் பட்டுத் தெறித்தது. வள்ளிமயில் கையில் ஒரு பை வைத்திருந்தாள். பாதிச் சாமானை ஏற்கெனவே கட்டிவிட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. துரைசிங்கம் பதினேழு பிள்ளைகளுக்கும் பட்டை கட்டிவிட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வடிவு அவருக்குப் பின்னால் நின்றாள். பாகம் வரிசையின் கடைசியில், உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தலைவர் வந்தார். சரிகை வேட்டி. பதினான்கு பக்க உரை. கம்பத்தருகே போய்க் கயிற்றைப் பிடித்தார். படம் பிடிக்கிறவன் முப்பத்திரண்டாவது சட்டத்துக்குத் தயாரானான். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏ பிள்ளை. கடைசியில நிக்கவ. இங்க வா.”

கண்ணைத் திறந்தபோது பாகம் கம்பத்தடியில் இருந்தாள். தலைவர் கயிற்றை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். “கெட்டியாப் பிடி. கொடிய நீ பாக்க வேண்டாம். எங்களப் பாத்து இழு.” பிறகு நேராக வரிசைக்கு வந்து, ரோஸ்லினுக்குப் பக்கத்தில் நின்று, துரைசிங்கத்திடம் கையை நீட்டினார். பிள்ளைகளின் பட்டை அவர் மணிக்கட்டில் ஏறவில்லை. சணல் கயிறு வைத்துக் கட்டினார்கள்.

“உரை, தலைவரே?” என்று கேட்டான் படக்காரன்.

“போடா அங்கிட்டு.”

பாகம் இழுத்தாள். சுருட்டிய கொடி மேலே போயிற்று. பலகையில் எண்கள் வரத் தொடங்கின. இன்னாசி எழுபத்தெட்டு. ரோஸ்லின் எண்பது. எல்லாருக்கும் கீழே, கஸ்பார் பர்னாந்து: எட்டு.

 துரைசிங்கம் திரும்பி வடிவைப் பார்த்தார். அளவீட்டுக்கு ஒரு நிமிடம்; அதற்குள் வரும் உச்ச எண்ணே எண். நாற்பது நொடி மிச்சமிருந்தது.

அப்போது கொடி மாட்டிக்கொண்டது. உப்பேறிய கப்பி. உச்சிக்கு ஒரு முழம் கீழே, விரியாமல், ஒரு மூட்டை மாதிரி நின்றுவிட்டது. பாகம் இழுத்தாள். அசையவில்லை. கயிற்றில் தொங்கினாள். அசையவில்லை. பயந்துபோய்க் கீழே இருந்தவர்களைப் பார்த்தாள்.

“இழு பாகம்!” என்று கத்தினான் இன்னாசி.

“பாகம், இழு!” என்றாள் ரோஸ்லின். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் பிடித்துக்கொண்டது. பாகம், இழு. பாகம், இழு. பாசிக் கயிறு இழுக்கிற பெண்கள் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டார்கள். வள்ளிமயில் பையைக் கீழே போட்டுவிட்டாள். மிதவைச் செம்மல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, “விடாத தாயி! இழுட்டீ! இன்னும் ஒரே மூச்சு!” என்று கூவிக்கொண்டிருந்தார். கொடியை அவர் மறந்தே போனார்.

கப்பி கிரீச்சிட்டது. மூட்டை அவிழ்ந்தது. வாளி விரிந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த செவ்வந்தி இதழ்களில் பாதி கடலுக்கும் மீதி தலைவர் தலைக்கும் போயின.

நிமிடம் முடிந்தது. கஸ்பார் பர்னாந்து: எழுபத்து நான்கு.

“தலைவரே, எழுபத்து நாலு,” என்றாள் வடிவு.

“யாருக்கு?”

“உங்களுக்கு.”

அவர் நம்பவில்லை. பலகையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தள்ளிப்போய், கடலைப் பார்த்து நின்று, நோட்டீசில் போடமுடியாத ஒரு முகத்தோடு மூக்கைச் சிந்தினார்.

துரைசிங்கம் வடிவின் சேலைத் தலைப்பை லேசாக இழுத்தார். பலகையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். விலக்குப் பெற்றவர்: தொண்ணூற்று மூன்று.

“இது கணக்குல சேராது. மேல போகாது. ராத்திரிக்குள்ள தானா அழிஞ்சிரும்,” என்றார். “ஒன்பது வருசமா இந்தக் கட்டத்தைப் பாக்கேன் டீச்சர். எத்தனையோ பெரிய ஆளுங்க. ரெண்டுக்கு மேல எதுவும் வந்து நான் பாத்ததில்ல.”

கம்பத்தடியில் பாகம் கயிற்றை விடாமல் நின்றிருந்தாள். அவள் கொடியை அண்ணாந்து பார்க்கவே இல்லை. கத்திக் கத்தி முகம் சிவந்துபோன அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளிமயில் ஓடிப்போய் மகளின் கையை விரித்தாள். கயிறு அறுத்த சிவப்புக் கோட்டில் வாயை வைத்து ஊதினாள்.

மறுவாரமே ஒரு நோட்டீசு வந்தது. வாளி என்னும் சிந்தனை முதலில் உதித்தது மிதவைச் செம்மலுக்கே என்றும், அவர் இனி ‘வாளி வள்ளல்’ என்று மக்களால் அன்போடு அழைக்கப்படுவார் என்றும் அதில் கண்டிருந்தது. வடிவு அதைச் சிரிக்காமல் வாசித்தாள். பிறகு பத்திரமாக மடித்து வகுப்புச் சுவரில் ஒட்டினாள். கயிறு கொடுத்த கைக்கு ஒரு பட்டம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கே உட்கார்ந்து துறைக்கு ஒரு கடிதமும் எழுதினாள். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கக் குறிப்பை எழுதிய ஐயா யாராயினும் அவருக்கு ஒரு குழந்தையின் சார்பில் மனமார்ந்த நன்றி என்று. எழுதும்போது கொஞ்சம் குறும்பும் இருந்தது. தங்கள் பூஜ்யத்தை மறைத்துக்கொள்ளப் பெரியவர்கள் போட்ட வேலி ஒரு பிள்ளைக்கு வீடாகிவிட்டதே என்ற குறும்பு. ஆனால் நன்றி நிஜம்.

இரண்டு மாதம் கழித்து, பழைய தட்டச்சு எந்திரத்தில் அடித்த ஒரு பதில் வந்தது.

“அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பாராட்டா, புகாரா என்று முடிவுசெய்ய முடியாமல் துறையில் ஆறு மேசை சுற்றி, ஓய்வு பெற்றுவிட்ட என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பைச் சொன்னவர்கள் பெரியவர்கள். தட்டச்சு செய்தவள் நான்.

அவர்கள் சொன்னது இரண்டு வரி. ‘இவ்விலக்கு உயர் பதவியில் உள்ளோர்க்கு மட்டுமே’ என்பது இரண்டாவது. அதை நான் அடிக்கவில்லை. மறதியால் அல்ல.

பட்டையை முதலில் ஊழியர்களின் பிள்ளைகள் கையில் கட்டித்தான் சோதித்தார்கள். என் மகளுக்கு எந்தக் கொடிக்கும் எண் ஏறவில்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்கு நடக்கும்போது, ‘நான் தப்பாப் பாத்துட்டேனாம்மா?’ என்று கேட்டாள். சில நாள் கழித்து அந்தப் பக்கம் என் மேசைக்கு வந்தது. அடித்த தாளில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டுப் பேரும் வாசிக்கவில்லை.

ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அது திறந்திருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் ஒன்பது வருடம் இருந்தேன். இத்தனை பக்கத்தை யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதே என் கவலை.

நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். நன்றி.

இரா. வேதவல்லி.”